பதினான்காம் நாள் என்று ஒன்று எனக்கு இல்லை

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். ஒவ்வொரு வருஷமும் அம்மா பாபநாசத்திலிருந்து அனுப்பிவிடுவார். ராகுகாலம், எமகண்டம், சஷ்டி, கிருத்திகை எல்லாம் அதில் இருக்கும். 2022 ஜனவரி முதல் 2023 மார்ச் வரையிலான தாள்களில் நான் சிவப்பு மையால் போட்ட வட்டங்கள் இருக்கின்றன. மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணிப் பதினான்காம் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். அந்த வட்டங்கள் அத்தனையும் தப்பான தேதியில் விழுந்தவை என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் இருப்பது கொல்கத்தா நியூ டவுனில், ஆக்‌ஷன் ஏரியா இரண்டில். கணவருக்குக் கணினி நிறுவனத்தில் வேலை. 2021-ல் சிறுசேரியிலிருந்து இங்கே மாற்றினார்கள். அமெரிக்க வாடிக்கையாளருக்கான வேலை என்பதால் அவர் வீடு திரும்ப இரவு இரண்டு மணி ஆகும். பிஸ்வ பங்களா சரணியில் அந்த நேரத்துக்கு ஓடுவது அலுவலகக் கார்கள் மட்டும்தான். வட்டம் போட்ட நாளில் நான் விழித்துக் காத்திருப்பேன். அவரோ கண் சொருக வருவார். "இன்னிக்கா?" என்று அவர் கேட்கும்போது அந்தக் குரலில் இருந்த களைப்பும் பயமும் இன்னும் என் காதில் இருக்கின்றன. அடுத்த ஒரு மாதத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் வேறு ஒன்றும் இருக்காது. சேமித்து வைத்தால் பலன் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி மற்ற நாட்களில் விலகியே இருந்தோம்.

குழந்தைக்காகக் காத்திருக்கிற என் வயதுப் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எனக்கு நடந்ததையும், அதற்குப் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

நாள் பார்ப்பது நமக்குப் புதிய விஷயமில்லை. ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கமே ஒரு கணக்குத்தான். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும், தாயும் பிள்ளையும் தவிக்கும் என்று பயந்து செய்த ஏற்பாடு அது. எங்கள் கல்யாணம் 2019 ஆனியில் நடந்தது. அடுத்த மாதமே அம்மா வந்து கூட்டிப் போய்விட்டார். இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியம் இருக்கிறது. பரத்தையை நாடிப் பிரிந்த தலைவன்கூட, மனைவிக்குப் பூப்பு வந்த பின் பன்னிரண்டு நாள் அவளை விட்டு அகன்று இருக்கக் கூடாது என்று கற்பியலில் ஒரு சூத்திரம் சொல்கிறது. உரையாசிரியர்கள் அந்தப் பன்னிரண்டை எங்கிருந்து எண்ணுவது என்று விவாதிக்கட்டும். அதில் 'ஒரு நாள்' என்று இல்லை, பன்னிரண்டு நாள் என்று இருக்கிறது. அது ஒன்றை நான் பிடித்துக்கொண்டிருந்தாலே பாதிக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

பதினான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது? 1920-களில் ஜப்பானில் ஓகினோ, ஆஸ்திரியாவில் க்னாஸ் என்ற இரண்டு மகப்பேறு மருத்துவர்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டார்கள். கருமுட்டை வெளியேறிய பிறகு அடுத்த மாதவிலக்கு வர ஏறக்குறைய பதினான்கு நாள் ஆகிறது. கவனியுங்கள், அது அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணும் பதினான்கு. சரியாக இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவர்களுக்கு முன்னோக்கி எண்ணினாலும் அதே நாள் வந்துவிடும். அந்த ஒரு வசதியால் எல்லோர் வாயிலும் 'பதினான்காம் நாள்' ஒட்டிக்கொண்டது. ஆளுக்கு ஆள் மாறுவது முன்பாதி. பின்பாதி பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினான்கு நாளுக்குள் அடங்கிவிடும். என் சுழற்சி முப்பத்திரண்டு முதல் முப்பத்தாறு நாள் வரை போகிறது. அப்படியென்றால் எனக்கு முட்டை வெளியேறுவது பதினெட்டாம் நாளுக்கும் இருபத்திரண்டாம் நாளுக்கும் நடுவில். பதினான்காம் நாள் ஒரே ஒரு இரவு சேர்ந்துவிட்டு, வேலை முடிந்தது என்று விலகிவிட்டோம். முட்டை வந்தபோது அங்கே யாரும் இல்லை.

இதை எனக்கு முதலில் சொன்னவர் இங்கேயே, நியூ டவுனில் ஒரு சிறிய கிளினிக் வைத்திருக்கும் வங்காளப் பெண் மருத்துவர். அவரிடம் போவதற்கு முன் வேறோர் இடத்தில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும்.

2023 ஜனவரியில் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். பத்து, பன்னிரண்டு, பதினான்காம் நாட்களில் ஸ்கேன் எடுத்தார்கள். 'ஃபாலிக்குலர் ஸ்டடி' என்பார்கள். சினைப்பையில் முட்டைப்பை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளப்பது. பதினான்காம் நாளோடு கோப்பை மூடி, 'முட்டை வளரவில்லை' என்று எழுதிவிட்டார்கள். இருபத்தொன்றாம் நாள் புரொஜெஸ்டரோன் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அளவு குறைவாக இருந்தது. இரண்டு காகிதத்தையும் சேர்த்து வைத்து, எனக்கு முட்டையே வெளியேறுவதில்லை என்றார்கள். மாத்திரையும் எழுதித் தந்தார்கள். வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டு அன்று இரவு முழுக்க அழுதேன். இன்னொருவரிடம் கேட்காமல் அதைச் சாப்பிட வேண்டாம் என்று கணவர் சொன்னதால் பிழைத்தேன்.

அந்த வங்காள மருத்துவர் என்னைப் படுக்கச் சொல்லவில்லை, ஸ்கேன் எழுதவில்லை. "உங்கள் சுழற்சி எத்தனை நாள்?" என்று கேட்டார். "முப்பது இருக்கும் டாக்டர்" என்றேன். "இருக்கும் வேண்டாம், தேதி வேண்டும்" என்றார். கைப்பேசியில் இருந்த பழைய குறிப்புகளைக் கூட்டிக் கழித்தோம்: 33, 35, 32, 36, 34, 35. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, புரொஜெஸ்டரோன் பரிசோதனை அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு செய்ய வேண்டியது என்றார். இருபத்தெட்டு நாள் சுழற்சிக்கு அது இருபத்தொன்றாம் நாள். எனக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு. நான் பரிசோதித்துக்கொண்ட அன்று முட்டை அப்போதுதான் வெளியேறியிருக்கலாம், அல்லது இன்னும் வெளியேறாமல் இருந்திருக்கலாம். அளவு எப்படி உயர்ந்திருக்கும்?

ஏப்ரலில் மறுபடி ஸ்கேன் எடுத்தோம், என் உடம்பின் கணக்குப்படி. பதின்மூன்றாம் நாள் 10 மில்லிமீட்டர். பதினாறாம் நாள் 15. பதினெட்டில் 19. இருபதில் 22. இருபத்திரண்டாம் நாள் பை சுருங்கி, பக்கத்தில் கொஞ்சம் நீர் தெரிந்தது. "வெடித்துவிட்டது" என்று அவர் திரையைக் காட்டினார். பதினெட்டு முதல் இருபத்துநான்கு மில்லிமீட்டருக்குள் பை வெடித்து முட்டை வெளியேறும். பழைய காகிதத்தில் வளரவே இல்லை என்று எழுதப்பட்ட முட்டை, தன் நேரத்தில் ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்: பை வெடித்ததைப் பார்க்கும் வரை, அல்லது மாதவிலக்கே வந்துவிடும் வரை, அந்தக் கோப்பை மூடவிடாதீர்கள்.

இனி நாள் கணக்குக்கு வருகிறேன். வெளியேறிய முட்டை உயிரோடு இருப்பது பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம். விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளுமாக ஆறு நாள்தான் கருத்தரிக்கக் கூடிய காலம். வில்காக்ஸ் என்பவரும் அவருடைய குழுவும் அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைப் பின்தொடர்ந்து 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. முட்டை வெளியேறுவதற்கு ஐந்து நாள் முன்பு சேர்ந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து. நாள் நெருங்க நெருங்க அது கூடி, வெளியேறும் நாளில் நூற்றுக்கு முப்பத்துமூன்று ஆகிறது. அதற்கு மறுநாள் சேர்ந்ததால் கருத்தரித்ததாக அந்த ஆய்வில் ஒருவரும் இல்லை. கதவு மெல்லத் திறந்து, சட்டென்று மூடுகிறது. முன்னால் போய் நிற்பவர்களுக்கு நஷ்டமில்லை, பின்னால் வருபவர்களுக்கு அந்த மாதம் போயிற்று. அதே குழு 2000-ல் இன்னொன்றையும் காட்டியது: பத்தாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் உள்ளேயே இந்த ஆறு நாளும் முழுமையாக அடங்குவது சுமார் முப்பது சதவீதப் பெண்களுக்கு மட்டும்தான். மீதிப் பேர் என்னைப் போலக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ.

அந்த முப்பத்துமூன்றைத் திரும்பப் பாருங்கள். எல்லாம் சரியாக அமைந்த நாளிலும் மூன்றில் ஒரு பங்குதான். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால், ஒவ்வொரு மாதமும் இரத்தம் கண்டதும் நான் என்னை அப்படிச் சபித்துக்கொண்டிருக்க மாட்டேன். இளம் வயதுத் தம்பதிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் கரு தங்கிவிடுகிறது. ஆனால் ஒரு மாதத்தில் தங்காமல் போவதுதான் வழக்கம். அதை உடம்பின் குற்றமாகவோ ஜாதகத்தின் குற்றமாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். முதலில் தேதி. நன்றாக இரத்தம் பட ஆரம்பிக்கும் நாள்தான் முதல் நாள். முந்தின நாள் லேசாகக் கறை பட்டதைச் சேர்க்க வேண்டாம். ஆறு மாதம் எழுதுங்கள். அதில் மிகக் குட்டையான சுழற்சியிலிருந்து பதினெட்டைக் கழியுங்கள், மிக நீளமானதிலிருந்து பதினொன்றைக் கழியுங்கள். எனக்கு 32-லும் 36-லும் கழித்தால் பதினான்கு முதல் இருபத்தைந்து வரை வந்தது. இது அகலமான வலை. வாரக் கணக்கில் தள்ளிப்போகிற மாதவிலக்கு உள்ளவர்களுக்கு இந்தக் கழித்தல் உதவாது, அவர்கள் நேராக மருத்துவரிடம் போவதே நல்லது. கைப்பேசிச் செயலி காட்டும் பச்சை நாளும் இதே மாதிரி ஒரு கழித்தல்தான். நீங்கள் கொடுத்த தேதிகளை வைத்து அது சொல்லும் ஊகம். உங்கள் வயிற்றுக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த வலைக்குள் மீனைக் காட்டுவது உடம்பு தரும் அடையாளம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இதை நோய் என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். பதினாறு வயதிலிருந்து எனக்கு மாதத்தில் சில நாள் வழவழப்பாக ஏதோ கசியும். 'வெள்ளைப்படுது, உடம்பு சூடு' என்று அம்மா வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் கொடுப்பார். இங்கே வந்த பிறகும் லேக் மார்க்கெட் வரை போய் வெந்தயமும் மணத்தக்காளி வற்றலும் வாங்கி வந்து சாப்பிட்டேன். அந்தக் கசிவு நோயே இல்லை. முட்டை வெளியேறுவதற்கு முந்தைய சில நாட்களில் கருப்பை வாயில் சுரக்கும் நீர் அது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நிறமில்லாமல், இரண்டு விரலுக்கு நடுவில் நூலாக இழுபடும். விந்தணு நீந்திப் போவதற்கும் பிழைத்திருப்பதற்கும் உடம்பு போடும் பாதை. முட்டை வெளியேறிய பின் அது கெட்டியாகி நின்றுவிடும். எந்தச் செலவும் இல்லாமல், முன்கூட்டியே தெரிகிற அடையாளம் இது ஒன்றுதான். இதை வேண்டாத கழிவு என்று நினைத்து நான் பத்து வருஷத்துக்கு மேல் மருந்து சாப்பிட்டிருக்கிறேன். அரிப்பு, துர்நாற்றம், தயிர் திரிந்தது போலக் கட்டி, மஞ்சள் அல்லது பச்சை நிறம் இருந்தால் அது தொற்று, உடனே காட்டுங்கள். மற்றபடி, மகளுக்குச் சொல்லித்தரும் அம்மாக்கள் இந்த வித்தியாசத்தையும் சொல்லித்தர வேண்டும்.

மருந்துக்கடையில் விற்கும் முட்டை ஸ்ட்ரிப் அடுத்தது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் என்ற ஹார்மோனைத் திடீரென்று அள்ளி விடும். அதிலிருந்து ஏறக்குறைய இருபத்துநான்கு முதல் முப்பத்தாறு மணி நேரத்தில் முட்டை வெளியேறும். அந்த ஹார்மோன் சிறுநீரில் தெரிவதைத்தான் ஸ்ட்ரிப் காட்டுகிறது. சுழற்சியின் நாட்களிலிருந்து பதினேழைக் கழித்த நாளில் தொடங்கலாம். என் குட்டையான சுழற்சியை வைத்துப் பதினைந்தாம் நாளில் தொடங்கினேன். மதியத்துக்கு மேல், தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைக் குறையுங்கள். இரண்டாவது கோடு லேசாகத் தெரிந்தால் போதாது. ஒப்பிடுவதற்கான கோட்டின் அளவுக்கு, அல்லது அதற்கு மேல் கறுக்க வேண்டும். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்ஹெச் எப்போதும் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால் ஸ்ட்ரிப் ஏமாற்றலாம்.

காலையில் எழுந்ததும் உடம்பின் வெப்பத்தை அளக்கும் முறையும் உண்டு. முட்டை வெளியேறிய பிறகு கொஞ்சம், அரை டிகிரி செல்சியஸுக்குள், ஏறும். ஏறியதைப் பார்க்கும்போது கதவு மூடியிருக்கும். இரண்டு மூன்று மாதம் எழுதினால் நம் வழக்கம் புரியும், அவ்வளவுதான். இரவு இரண்டு மணிக்குக் கதவு திறக்கிற வீட்டில் அது எனக்குச் சரிவரவில்லை.

அந்தச் சிறிய ஸ்ட்ரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் இந்த ஊரைப் பற்றி அடிக்கடி யோசித்திருக்கிறேன். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அவள் தாய்க்கு முட்டையைப் பெருக்க ஊசி எதுவும் போடவில்லை. சிறுநீரில் இதே எல்ஹெச் உயர்வதை மணிக்கணக்கில் கவனித்து, இயற்கையாக வந்த ஒற்றை முட்டையை எடுத்தார்கள். அதற்கு 70 நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, நம் நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இதே கொல்கத்தாவில் பிறந்தது. பூஜைக் காலத்துக் குழந்தை, துர்கா என்று பெயர் வைத்தார்கள். அதைச் சாதித்த மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் வேறு வழியில் போனார். ஹார்மோன் கொடுத்து முட்டைகளை வளர்த்தார். உருவான கருவை 53 நாள் உறையவைத்துக் காத்திருந்து, ஊசி போடாத ஒரு சுழற்சியில், கருப்பை தயாரான நாளில் உள்ளே வைத்தார். முட்டைக்கு ஒரு நேரம், கருப்பைக்கு ஒரு நேரம் என்று பிரித்து யோசித்தவர் அவர். உறையவைத்து, பிறகு வேறொரு மாதத்தில் வைக்கும் அந்த முறையை இன்று உலகம் முழுக்கக் கையாளுகிறார்கள். அன்று அவர் சொன்னதை மாநில அரசு அமைத்த குழு நம்பவில்லை. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போகவும் விடவில்லை. கண் மருத்துவ நிறுவனத்துக்கு இடமாற்றம் செய்தார்கள். 1981 ஜூன் 19 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்து, முதல் பெருமை அவருக்கே உரியது என்று விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமார் எழுதியது 1997-ல். 1986-ல் மும்பையில் பிறந்த குழந்தையே நாட்டில் முதல் என்று அதுவரை பெயர்பெற்றிருந்தது. அந்தக் குழந்தையை உருவாக்கிய குழுவின் விஞ்ஞானியே ஆனந்த குமார்தான். அவருடைய நேர்மை பெரிது. ஆனால் பதினாறு வருஷத் தாமதம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்காது.

எங்கள் மாடியில் இருக்கும் பௌதி (அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம்) "கோனோ பாலோ கொபோர் ஆச்சே?" என்று மாதம் தவறாமல் கேட்பார். நம் ஊரில் 'ஏதாவது விசேஷமா?' என்று கேட்பதற்கு இங்கே அதுதான் வார்த்தை. இல்லை என்றதும் "வேலூருக்குப் போய்ப் பார்" என்பார். வங்காளத்திலிருந்து எவ்வளவு பேர் வைத்தியத்துக்கு வேலூர் ரயில் ஏறுகிறார்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அம்மா, திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் மந்திரித்த நெய்யைக் கொண்டுவந்து நாற்பத்தெட்டு நாள் சாப்பிட வைத்தார். சஷ்டி விரதமும் இருந்தேன். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்ற சொலவடையை அம்மா சஷ்டியும் கருப்பையுமாகத்தான் பிரித்துச் சொல்வார். பௌதி வீட்டிலும் குழந்தை தரும் தெய்வம் ஷொஷ்டிதான்! பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்த வீடு சொந்த வீடாகிவிட்டது. இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நெய்யைச் சாப்பிட்ட நாட்களில் நான் தைரியமாக இருந்தேன். விரதமும் இருக்கலாம், தேதியும் எழுதலாம்.

எங்கள் வாழ்க்கையை மாற்றியது நாள் கண்டுபிடித்ததைக் காட்டிலும் நாளை விட்டதுதான். மருத்துவர் சொன்னது எளிமையாக இருந்தது. "பன்னிரண்டாம் நாளிலிருந்து இருபத்திரண்டாம் நாள் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள். கோடு கறுத்தால் அன்றும் மறுநாளும். அவரிடம் தேதி சொல்லாதீர்கள்." விந்தணு ஐந்து நாள் காத்திருக்கும் என்றால் நாம் ஒரு இரவைத் தவறவிட்டால் குடி முழுகிவிடாது. அவர் களைத்து வந்தால் தூங்கட்டும், நாளை இருக்கிறது. சேமித்து வைக்க வேண்டும் என்பதும் தவறு. பல நாள் விலகியிருந்தால் விந்தணுவின் ஓட்டம் குறையும். காலண்டரைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். ஸ்ட்ரிப்பை என்னோடு வைத்துக்கொண்டேன். ஞாயிறு மாலை ஈகோ பார்க் ஏரிக்கரையில் நடக்கப் போனோம், குழந்தைப் பேச்சு இல்லாமல். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பி ஊர்க்கதை பேசினார்.

இன்னொரு தவறும் செய்தோம். அதுவரை என் உடம்பையே சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு விந்துப் பரிசோதனை யாரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து கொடுத்தால் போதும். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால், அந்த மாதங்கள் முழுக்க எந்த நாளைப் பார்த்தும் பயனில்லை. எனக்குத் தைராய்டும் பார்த்தார்கள், ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கினார்கள். இது கரு தங்குவதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று சுழற்சிகள் அப்படியும் தங்கவில்லை. நாலாவது சுழற்சி 2023 ஜூலை 9-ல் தொடங்கியது. பதினெட்டாம் நாளுக்கு முன்னாலேயே வெள்ளைக்கரு போன்ற கசிவு வந்துவிட்டது. ஜூலை 27 மதியம் கோடு கறுத்தது. மறுநாள் ஆடி வெள்ளி. அம்மா தொலைபேசியில் மாவிளக்குப் போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 14 காலை, நாள் மூன்று தள்ளிய பிறகு, வேறு ஒரு ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு பார்த்தேன். அவரை எழுப்பவில்லை, அவர் தூங்கி நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அவர் தானாக எழும் வரை காத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது ஒரு நொடி பேச்சில்லை. "ஆடியிலயா? சித்திரையில பொறக்குமே, குட்டிமா!" என்றார். அப்புறம் அழுதார்.

இந்த நாள் கணக்கு கரு தங்கியதோடு முடியவில்லை. பிரசவத் தேதியைக் கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்று குறிப்பார்கள். அந்தக் கணக்கிலும் பதினான்காம் நாள் ஒளிந்திருக்கிறது. எனக்கு அப்படிக் குறித்தால் 2024 ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. இங்கே பொய்லா பொய்ஷாக். இரண்டு புத்தாண்டும் ஒரே நாள் என்று பௌதி பூரித்துப் போனார். ஆனால் முட்டை வெளியேறியது இருபதாம் நாள் என்பதால் மருத்துவர் ஏழாவது வார ஸ்கேனை வைத்து ஏப்ரல் 20 என்று திருத்தினார். மகள் 18-ந் தேதி தானாகப் பிறந்தாள். பழைய தேதியை நம்பியிருந்தால் 'நாள் கடந்துவிட்டது' என்று எங்களைப் பதற வைத்திருப்பார்கள். சித்திரை வெயில் கொளுத்திய வாரம்தான், அம்மா பயந்தபடியே. விசிறியும் ஏசியும் மோருமாகச் சமாளித்தோம்.

எனக்கு நடந்ததே எல்லோருக்கும் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் அடைப்பு, நீர்க்கட்டி, கருப்பை உட்படலம் வெளியே வளர்வது, விந்தணுக் குறைவு என்று எத்தனையோ காரணங்களுக்கு நாள் பார்ப்பது மருந்தாகாது. முப்பத்தைந்து வயதுக்குள் இருந்தால் ஒரு வருஷம், முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் ஆறு மாதம். அதற்கு மேல் வீட்டிலேயே காலண்டர் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களும், தாங்க முடியாத வலி உள்ளவர்களும் அதற்கு முன்பே போய்விடுங்கள். போகும்போது ஆறு மாதத் தேதியை எழுதி எடுத்துக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.